பாவம் அக்காவின் நீயும் நீரும்

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில், பிள்ளைகள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியைக் காதில் வைத்து “ம்… ம்… அப்புறம்?” என்று சொல்லியபடி நிற்கிறாரே, அவரோடு மறுமுனையில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒட்டுக்கேட்கிறார். சீருடைப் பெண் ஒருத்தி தோழியிடம் “செம்ம கடுப்பாயிடுச்சுடி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்” என்று சொன்னால், அதை அப்படியே வாங்கி உதட்டுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். பேருந்தில் இடம் கிடைத்ததும் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார். ஒருநாள் காதில் இருந்த கைபேசி நிஜமாகவே மணியடித்துவிட்டது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு, அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடந்து போய் அங்கே ஒட்டுக்கேட்டார்.

ஞாயிறு பள்ளிக் கதைகளைப் படிக்க வெட்கப்படுகிற, பெரியவர்களின் பிரசங்கப் புத்தகங்களைப் பார்த்தால் கொட்டாவி விடுகிற ஒரு வயது உண்டு. அந்த வயதுக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுவதுதான் இவர் வேலை. எழுதுவதோடு விடுவதில்லை. அதை வெளியிடும் பதிப்பகத்திலேயே புரூஃப் பார்க்கிறார், பின்னட்டை வாசகம் எழுதுகிறார், சபைகளுக்குப் பார்சல் போகும் நாட்களில் கயிறும் கட்டுகிறார். நான் அவர் புத்தகங்களுக்கு அட்டை வரைகிறவன். சபையில் என் இடம் கடைசி வரிசை, கதவுப் பக்கம். ஆகவே இதையெல்லாம் பக்திப் பரவசத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பதிப்பகத்தில் அவருக்குப் பெயர் ‘பாவம் அக்கா’. கதையில் ஒரு கெட்டவன் வந்தால் போதும், இரண்டாம் அத்தியாயத்துக்குள் அவன் மேல் இவருக்கு இரக்கம் பிறந்துவிடும். “பாவம், அவன் வீட்ல என்ன கஷ்டமோ” என்பார். வாசிப்புக் குழுவில் இருக்கும் பாஸ்டர் ஒருமுறை பொறுக்கமாட்டாமல், “பாவத்தப் பத்தி எழுதுங்கம்மான்னா, நீங்க பக்கத்துக்குப் பக்கம் பாவம் பாவம்னு எழுதிட்டு வர்றீங்க” என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “பாவம், அவருக்கும் ஒரு ஜோக் அடிக்கணும்னு இருக்காதா” என்று விட்டுவிட்டார்.

பதிப்பகம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்கிறவர்கள் எங்கள் புத்தகத்தை முகர்ந்தால் ரப்பர் வாசம்தான் வரும். வாசிப்புக் குழு கூடுவது உள் அறையில். பாஸ்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பல் டாக்டர் ஒருவர். இந்த மூவரும் தலையாட்டினால்தான் புத்தகம் சபைப் பிள்ளைகளின் விடுமுறை முகாமுக்குப் போகும். முகாமுக்குப் போனால்தான் பிள்ளைகள் கைக்குப் போகும். கடைகளில் யாரும் இவற்றைத் தேடி வாங்குவதில்லை என்பது பதிப்பாளர் அண்ணனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், கீழே டயர் கடைக்காரருக்கும் தெரியும்.

குழுவுக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. காதல் வரலாம், ஆனால் அது காதல் என்று சம்பந்தப்பட்ட இருவருக்கும் தெரியக்கூடாது. கையைப் பிடிக்கலாம், இருவரில் ஒருவர் ஆற்றில் விழுந்திருந்தால். மனம் திரும்புவது கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் வந்துவிட வேண்டும். கடைசி அத்தியாயம் வரை காத்திருந்தால் பிள்ளைகள் அதற்குள் புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்பது தலைமையாசிரியையின் அனுபவம்.

இந்தச் சட்டங்கள் அக்காவுக்குத் தொந்தரவே இல்லை. அவருடைய சொந்தப் பயங்கள் இவற்றைவிடக் கண்டிப்பானவை. அவர் நாவலில் எந்தப் பிள்ளையும் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டதில்லை. ஒரு கதையில் பையன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடிப்போகிறான். கோபத்தின் உச்சத்தில், கண்ணீர் வழிய, ஹெல்மெட் தேடுகிறான். “ஓடிப்போறவன் எங்கயாவது ஹெல்மெட் தேடுவானாக்கா?” என்று பதிப்பாளர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்கண்ணா. நாளைக்கு இதப் படிச்சிட்டு ஒரு புள்ள போடாம போனா யாரு பதில் சொல்றது?” என்றார் அக்கா. ஹெல்மெட் இருந்தது. அட்டையிலும் வரையச் சொன்னார். வரைந்தேன்.

அச்சுக்குப் போன பிறகு அவரைப் பார்க்கச் சகிக்காது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். “அந்தப் பதினோராம் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு டீச்சர எதுத்துப் பேசறா இல்ல, அது ரொம்ப ஜாஸ்தியோ?” என்பார். இல்லை என்று சொன்னால், “அப்ப ரொம்பக் கம்மியோ?” என்பார். எனக்குச் சில நாள் எரிச்சல் வரும். இத்தனை பயந்து எழுதுகிற ஒருவர் ஏன் எழுத வேண்டும், ஒரு இடத்தில் நிம்மதியாகக் கணக்கு டியூஷன் எடுக்கலாமே என்று தோன்றும். பிறகு அவர் எழுதியதைப் படிப்பேன். பேருந்து நிறுத்தத்துப் பிள்ளைகள் புத்தகப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து என் மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். எரிச்சல் போய்விடும்.

வீட்டுக்காரர் இருந்தவரை பயப்படுவது அக்கா பங்கு, சிரிப்பது அவர் பங்கு. வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போன மனிதர் திரும்பி வரவில்லை. ஒரே மகள், அப்போது பதினைந்து வயது. சபையே அவர்கள் வீட்டில் ஜெபித்தது, மகளும் தொண்டை கட்டும்வரை ஜெபித்தாள். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து அவள் சபையில் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் பேசுவாள், சிரிப்பாள், அம்மாவை ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். அக்கா பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் அந்த உதட்டைப் பார்ப்பார். கடைசி வரிசையில் இருக்கிற எனக்கு அவர் கழுத்து பக்கவாட்டில் திரும்புவது ஒவ்வொரு பாட்டுக்கும் தெரியும்.

சமீபத்திய நாவலில்தான் வந்தது வினை. கதாநாயகிக்குப் பதினாறு வயது. தங்கை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி நடைவழியில், துடைப்பம் சாத்தி வைத்திருக்கும் மூலையில் நின்றுகொண்டு, அந்தப் பெண் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள்: “தங்கச்சி கூப்பிட்டப்போ நீ எங்க? நான் கூப்பிட்டப்போ நீ எங்க?”

கையெழுத்துப் படியில் இதைப் படித்தபோது எனக்கே கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. எங்கள் சபைகளில் ஆண்டவர் ‘நீர்’தான். ‘நீர் நல்லவர்’, ‘நீர் வாரும்’. நாத்தழுதழுக்கக் கதறினாலும் அந்த ‘ர்’ மட்டும் விட்டுப்போகாது. “இது எந்த பஸ் ஸ்டாப்புல பிடிச்சீங்க?” என்று கேட்டேன். அக்கா டயர் கடைப் படிக்கட்டில் என்னை நிறுத்தி, யாரும் வருகிறார்களா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பஸ் ஸ்டாப் இல்ல தம்பி. எங்க வீட்டு பாத்ரூம். உள்ள குழாயத் தெறந்துவிட்டுட்டு இவ பேசறா. முதல்ல போன்ல பேசறான்னு நெனச்சேன். போன் ஹால்ல இருக்கு. ‘அப்பா கூப்பிட்டப்போ நீ எங்க’ங்கறா. ஆண்டவரப் போய் நீன்னு…” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அப்புறம் சமையக்கட்டுல போய் நின்னு யோசிச்சேன். திட்டறா. ஆனா பேசறாளே! திட்டறதுக்காவது பேசறா. நீ வா போன்னு அவ அவங்கப்பாவையும் என்னையும் மட்டுந்தான் சொல்லுவா தம்பி. வேற யாரையும் சொல்ல மாட்டா.”

“அவளுக்குத் தெரியுமா, நீங்க கேட்டது?”

“ஐயோ, சாமி! தெரிஞ்சா அவ்வளவுதான். அந்த பாத்ரூம்லயும் பேசறத விட்டுடுவா.”

அவர் எழுதாமல் இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் பத்து வருடமாக ஊரார் பிள்ளைகளின் பேச்சைப் பொறுக்கி எழுதுகிறவர் காதில், பெற்ற பிள்ளையின் ஒரே ஜெபம் விழுந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்? எழுதிவிட்டார்.

குழு கூடிய அன்று அட்டைப்பட மாதிரியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். மற்ற பக்கங்களெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. நடைவழிப் பக்கத்தில் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா, இந்த ‘நீ’ வேணாமே.”

“கோவத்துல கேக்கறா பாஸ்டர்” என்றார் அக்கா.

“கோவப்படட்டும். நானே கோவப்பட்டிருக்கேன். ஆனா கோவத்துல நான் எங்கப்பாவ வாடா போடான்னு கூப்பிட்டதில்ல. இன்னைக்கு இந்தப் பொண்ணு நீன்னா, நாளைக்கு முகாமுல அத்தன பசங்களும் நீன்னு ஆரம்பிச்சுடுவாங்க.”

“ஆரம்பிக்கட்டுமே பாஸ்டர்… கூப்பிட்டாத்தானே…” அக்காவின் குரல் பாதியிலேயே தேய்ந்துவிட்டது.

தலைமையாசிரியை சமரசத்துக்கு வந்தார். “‘நீங்க’ன்னு போட்டா? மரியாதையாவும் இருக்கும், வீட்டுப் பேச்சாவும் இருக்கும்.”

“‘நீங்க’ன்னா பேங்க் மேனேஜர்கிட்ட பேசற மாதிரி இருக்கு” என்றார் பல் டாக்டர். அவர் சொன்னது நியாயம்தான். தலைமையாசிரியையே தலையாட்டினார்.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. அக்கா வீட்டுக்காரரின் அடக்க ஆராதனையில் அழுகை முட்டி வாசிக்க முடியாமல் நின்றவர் அவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: “அந்த ஒரு பக்கத்துல ‘நீர்’னு மாத்திடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். இல்லன்னா இந்த வருஷம் முகாமுக்கு வேற புத்தகந்தான் பாக்கணும்.” பதிப்பாளர் அண்ணன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகாமுக்கு வேறு புத்தகம் என்றால் அக்காவின் நாவல் வரிசை அத்தோடு நின்றது என்று அர்த்தம்.

“மாத்திடறேன் பாஸ்டர்” என்றார் அக்கா.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கெட்டவனுக்கெல்லாம் பரிஞ்சு பேசுவீங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதா?” அக்கா சண்டைக்கு வரவில்லை. “நல்லதுக்குத்தான் தம்பி. ‘நீர்’னு இருந்தா அவளே படிச்சாலும் அவ பேச்சுன்னு அவளுக்குத் தெரியாது” என்றார். சொல்லிவிட்டு, “தெரியாதுல்ல?” என்று கேட்டார்.

எங்கள் பக்கங்களை அமைக்கும் பெண் வேலையில் புலி, அவசரத்திலும் புலி. ‘நீ’ வரும் இடத்தில் ‘நீர்’ போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. எந்தப் பக்கத்தில் என்பது அவள் காதில் ஏறவில்லை போலிருக்கிறது. கணினியில் ஒரே பொத்தான், புத்தகம் முழுக்க இருந்த ‘நீ’ எல்லாம் ‘நீர்’ ஆகிவிட்டது. பழைய கோப்பின் மேலேயே சேமித்தும்விட்டாள். புரூஃப் வந்தபோது கதாநாயகியின் அம்மா, “நீர் மொதல்ல பல்ல வெளக்குடி” என்று கத்திக்கொண்டிருந்தாள். வானம் நீர்லமாக இருந்தது. கதாநாயகி நீர்ண்ட பெருமூச்சு விட்டாள். ரவுடி ஒருவன் கத்தியை எடுத்துக்கொண்டு, “நீர் யார்றா?” என்றான்.

“ஒரு செகண்டுக்கா, திருப்பி எல்லாத்தையும் ‘நீ’ன்னு மாத்திடறேன்” என்று அந்தப் பெண் தொலைபேசியில் ஆறுதல் சொன்னாள். அக்கா அலறிவிட்டார். “எதையும் தொடாதம்மா, உனக்குப் புண்ணியமா போகும்! அப்புறம் கதையில வர்ற பாஸ்டரே ஆராதனையில ஆண்டவர நீ வா போன்னு பேசிடுவாரு!” கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அட்டையின் நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அன்று மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போனவனை உட்காரவைத்துக் கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். மகளுக்கு விடுமுறை. அக்கா சீட்டுக்கட்டு பிரிப்பது போலப் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார். ஆண்டவர் இல்லாத இடத்திலெல்லாம் ‘ர்’ஐ அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் கை இயந்திரம் மாதிரி ஓடியது. “அம்மா, இங்க பாரேன், நாய்கிட்ட சொல்றா, ‘நீர் என் செருப்பக் கடிச்சியா?’ன்னு!” விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தார். ஆனால் கண் மட்டும் தன் தேநீர் டம்ளருக்கு அடியில் இருந்த தட்டுக்குப் போய்ப் போய் வந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

மகள் தன் பங்கை முடித்து, என் பங்கையும் சேர்த்து அடுக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “நடுவுல ஒரு பக்கம் இல்ல.”

“அத நான் பாத்துட்டேன்” என்றார் அக்கா.

“எங்க?”

அக்காவுக்குப் பொய் வராது. அவர் கதைகளில்கூடப் பொய்யர்கள் திக்கித்தான் பேசுவார்கள். “அது… அதுல ஒண்ணும் தப்பு இல்ல, அங்க ‘நீர்’தான் வரணும், ஆண்டவர்கிட்ட பேசறா, அதனால…” என்று சொல்லச் சொல்ல, கை தானாகப் போய்த் தட்டை மறைத்தது. மகள் அந்தக் கையை மெதுவாக விலக்கி, தட்டை நகர்த்தி, பக்கத்தை எடுத்தாள்.

ஒருமுறை படித்தாள். சிரிப்பு முகத்திலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை. திரும்ப மேலிருந்து படித்தாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். நாற்காலியை நகர்த்தினால் சத்தம் கேட்கும். உட்கார்ந்தே இருந்தேன்.

“ஒட்டுக்கேட்டியா?”

“குழாய்ச் சத்தத்துல… போன்ல பேசறியோன்னு…” அக்கா நிறுத்தினார். “ஆமா. கேட்டேன்.”

“கேட்டுட்டுப் புத்தகத்துல போடுவியா?”

அக்கா எழுந்தேவிட்டார். “வேணாம். இந்தப் பக்கமே வேணாம். புத்தகமே வேணாம், நான் அண்ணன்கிட்ட சொல்லிக்கறேன்.” மகள் கையிலிருந்து பக்கத்தைப் பிடுங்கி இரண்டு கையாலும் கிழிக்கத் தொடங்கினார். காகிதம் ஓரத்திலிருந்து ஒரு விரல் அளவு கிழிந்தது. மகள் எட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கிழிக்காத.”

மகளின் கன்னம் நனைந்திருந்தது. குரல் மட்டும் நனையவில்லை.

“நான் ‘நீர்’னு சொல்லல. தப்பா இருக்கு. திருத்து.”

“அப்படிப் போட்டா பாஸ்டர் கையெழுத்துப் போட மாட்டாரும்மா. முகாமுக்கே போகாது.”

“பாஸ்டரா கூப்பிட்டாரு? நான்தானே கூப்பிட்டேன்.”

அக்கா உட்கார்ந்தார். பக்கத்தை மேசைமேல் வைத்துக் கிழிசலை விரலால் நீவி ஒட்டவைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் ‘நீர்’ மேல் முனையை வைத்தவர், மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘ர்’ஐ அடித்தார். அடுத்த ‘ர்’ஐ அடிக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.